டெக்டாக்கைப் பேசவைத்த ஐந்து ரோடு கடை

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மடியில் டெக்டாக் எக்ஸ்பிரஸ் பெட்டியோடு சேலம் ஐந்து ரோடு பக்கத்துக் கடைக்குப் போனேன். எனக்குப் பார்வை இல்லை. பல வருஷமாகக் கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைப் பேசிச் சொல்வது இந்தப் பெட்டிதான். பெட்டியைச் செருக வேண்டிய பழைய வகை சீரியல் போர்ட் புது லேப்டாப்பில் கிடையாது. யுஎஸ்பியைச் சீரியலாக மாற்ற முன்பு வாங்கிய மலிவு கேபிள் பாதி வாக்கியத்தில் ஊமையாகிவிடும்.

கடைத் தம்பி, "இது என்னண்ணே, மோடமா?" என்றார். சரி, தேறாது என்று நினைத்தேன். ஆனால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் மாற்றி சிப் உள்ள கேபிளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல 9600 பாட் வேகம், 8 பிட், பிழை சோதிக்கும் பாரிட்டி இல்லை என்று பொறுமையாக அமைத்தார். கேபிளின் இரண்டு திருகையும் விரலால் தடவிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தன. அப்புறம் லினக்ஸின் திரைவாசிப்பானான ஸ்பீக்கப்பின் டிரைவரை அந்த யுஎஸ்பி போர்ட்டுக்குத் திருப்பியதும், பெட்டிக்குள் பேசும் பெர்ஃபெக்ட் பால் அதே மூக்கடைத்த குரலில் ஆரம்பித்துவிட்டார். தமிழ் அவருக்கு வராது, அதற்கு ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருள் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இவரை விட மனசில்லை.

கேபிளோடு 900 ரூபாய். வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லை. அதைச் சொன்னேன், தம்பி சிரித்தார்.