கொழந்தைங்க பேச்சு, ஆட்டிசம் தெரபி சென்டர்ல பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிங்க (தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருக்கறவங்க முக்கியமா)

என் பையனுக்கு ரெண்டு வயசு எட்டு மாசம் ஆகியும் அம்மான்னு கூட கூப்பிடல, பேர் சொன்னா திரும்ப மாட்டான், கார் பொம்மைய குப்புற போட்டு சக்கரத்த சுத்தி சுத்தி பாத்துனே இருப்பான். ஆம்பள புள்ள லேட்டாதான் பேசும்னாங்க மாமியார். எனக்கு மனசு கேக்கல. வீட்டு பக்கத்துலயே ஒரு சென்டர் போர்டு பாத்துட்டு போனோம், அங்கதான் ஏமாந்தோம்.

அசெஸ்மெண்ட்டுக்கு 4,500 ரூபா. ஒரு பொண்ணு ஃபார்ம் வச்சுனு 20 கேள்வி கேட்டு ஆமா இல்லன்னு டிக் அடிச்சா, பையன நிமிந்து கூட பாக்கல. கால் மணி நேரத்துல மைல்ட் ஆட்டிசம், ஆறு மாசத்துல முழுசா க்யூர் பண்ணிடலாம், மூணு மாச பேக்கேஜ் 48,000, இன்னிக்கே கட்டுனா 42,000ன்னாங்க. நான் அழுதுனு இருந்தேன், எதுவும் கேக்க தோணல. என் வளையல அடகு வச்சுதான் கட்டினாரு வீட்டுக்காரர்.

பேரண்ட்ஸ் உள்ள வரக்கூடாதாம், வெளிய சேர்ல உக்காரணுமாம். அஞ்சாவது வாரம் அவன் தண்ணி பாட்டில குடுக்க கதவ தொறந்தேன். நாலு பசங்கள பெல்ட் போட்ட சேர்ல வரிசையா உக்கார வச்சு எதிர்ல போன்ல ரைம்ஸ் ஓடுது, மேடம் மூலையில சாப்டுனு இருக்காங்க. என் பையன் கன்னத்துல கண்ணீர் காஞ்சு கோடா இருந்துச்சு. அப்பவே தூக்கினு வந்துட்டேன். பணம் கேட்டதுக்கு ரீஃபண்ட் கிடையாதுன்னு பில்லு பின்னாடி பொடி எழுத்துல இருக்கறத காட்டுனாங்க.

அப்பறம் மெட்ரோ புடிச்சு சென்ட்ரல்ல மாறி எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு போனோம். கூட்டம், காத்திருக்கணும், ஒரே நாள்ல முடியாது. ஆனா மொதல்ல காது டெஸ்ட் எடுக்க சொன்னாங்க, காது கேக்காம போனாலும் பேச்சு வராதுல்ல, அத அந்த சென்டர்ல ஒரு வார்த்த கூட கேக்கல. டாக்டர் அவன தரையில விளையாட விட்டு பொறுமையா பாத்தாங்க. அந்த 20 கேள்வி ஃபார்ம் 16லேந்து 30 மாசம் வரைக்கும் இருக்கற கொழந்தைக்கு, அதுவும் சந்தேகம் இருக்கான்னு பாக்க மட்டும்தானாம், அத வச்சு ஆட்டிசம்னு முடிவு பண்ணவே கூடாதாம். என் பையனுக்கு அப்ப 32 மாசம்! ஆட்டிசம் க்யூர் ஆவற வியாதி இல்ல, பழக்கி முன்னேத்தலாம்னு நேராவே சொன்னாங்க, கஷ்டமா இருந்தாலும் அதுதான் உண்மை.

ஸ்பீச் தெரபிஸ்ட், க்ளினிகல் சைக்காலஜிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் யாரா இருந்தாலும் ஆர்சிஐ (ரீஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா, இவங்கள பதிவு பண்ற சென்ட்ரல் கவர்மெண்ட் அமைப்பு) நம்பர் கேளுங்க, ஆர்சிஐ வெப்சைட்லயே பேர் போட்டு பாத்துக்கலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.ன்னு சொல்வாங்க) ஆர்சிஐல வரமாட்டாங்க, அவங்ககிட்ட டிகிரி சர்டிபிகேட் கேளுங்க. கேட்டதுக்கு கோவப்பட்டா எழுந்து வந்துடுங்க. மாற்றுத்திறனாளிங்க உரிமைக்கான 2016 சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, யூடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) சென்டர் ரிப்போர்ட் எல்லாம் செல்லாது, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான் போவணும்.

இன்னொன்னு. எங்களுக்கு குடுத்த ரிப்போர்ட்ல மூணாவது பக்கம் பூரா ஷீ ஷீன்னு இருக்கு, ஒரு எடத்துல வேற ஒரு பாப்பாவோட பேரே அப்படியே இருக்கு. அந்த பேர இங்க போட மாட்டேன். தண்டையார்பேட்டைல பொண்ணுக்கு இந்த மாதிரி ரிப்போர்ட் வாங்குனவங்க யாராவது இருந்தா அத எடுத்து ஒரு தடவ முழுசா படிச்சு பாருங்க, வேற எடத்துல திரும்ப காட்டுங்க. அந்த அம்மாவும் எங்கள மாதிரிதான் எங்கயாவது நகைய வச்சிருப்பாங்க.