ஒரு தாளில் நாலு பக்கம்: ஒரே புறமா, இரண்டு புறமா?

ஐஏஎஸ் தேர்வுக்குப் படிப்பவர்கள் மொய்க்கும் டெல்லி ராஜிந்தர் நகரின் ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்து, இந்தியில் 'ஏக் ஷீட் பே சார் பேஜ்' (ஒரு தாளில் நாலு பக்கம்) என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. நாலையும் ஒரே புறத்தில் அடுக்கிப் பின்புறத்தைக் காலியாக விடலாம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்றும் அடிக்கலாம். 200 பக்க நோட்ஸுக்கு எப்படியும் 50 தாள்தான். வித்தியாசம் எழுத்தில்.

புறத்துக்கு இரண்டு என்றால் ஒவ்வொரு பக்கமும் ஏ5 அளவு, அதாவது 71 சதவீதம். 12 பாயிண்ட் எழுத்து எட்டரை ஆகும். நாலு என்றால் 50 சதவீதம், 6 பாயிண்ட். ஆங்கிலத்தைக் கண்ணை இடுக்கியாவது படித்துவிடலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்: புள்ளி மங்கும், சுழி அடைத்துக்கொள்ளும், 'ண'வா 'ன'வா என்று முழிக்க வேண்டும். அந்தத் தாளையே மறுபடி ஜெராக்ஸ் போட்டால் சுத்தம்.

ஆனால் கடையில் புறத்துக்குத்தான் காசு என்றால், புறத்துக்கு நாலு வைத்தால் 50 புறத்துக்குக் காசு, இரண்டு வைத்தால் 100 புறத்துக்கு. ஒருமுறை புரட்டிவிட்டுப் பழைய பேப்பரில் போடும் நடப்பு நிகழ்வுகளுக்கு நாலே போதும். மூன்று நாலு தடவை திருப்பிப் படிப்பதற்கு இரண்டு புறமும் இரண்டிரண்டுதான். பாதிக் காசுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுத்து, 'மல்டிபிள்' தேர்ந்து, 'பேஜஸ் பெர் ஷீட்' 2 வையுங்கள் (இங்கே 'ஷீட்' என்பது ஒரு புறம்). பிரிண்டர் பிராப்பர்ட்டீஸிலும் 2 வைத்தால் இரண்டும் சேர்ந்து நாலாகிவிடும்; அங்கே 1 இருக்கட்டும். இரண்டு புறமும் அடிக்கும்போது தாளை எந்த ஓரத்தில் புரட்டுவது என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும்: தாள் படுக்கைவசம் என்பதால் இடது ஓரத்தில் ஸ்பைரல் போட 'ஷார்ட் எட்ஜ்', மேல் ஓரத்தில் போட 'லாங் எட்ஜ்'. மாறினால் பின்புறம் தலைகீழ். முதல் நாலு பக்கத்தை மட்டும் அடித்து, புரட்டிப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். புறத்துக்கு நாலு வைக்கும் முறையில் ஒரு அங்குல மார்ஜினும் அரை அங்குலமாகிவிடுவதால் ஸ்பைரல் துளை எழுத்தருகே வந்துவிடும்.

புக்லெட்டும் அதே 71 சதவீதம்தான். 40, 50 பக்கத்துக்கு அழகு. 50 தாளை நடுவில் மடித்து ஸ்டேப்லர் அடிக்க முடியாது.

பிபிடி (பவர்பாயிண்ட் ஸ்லைடுகள்) மட்டும் தனிக் கணக்கு. அகல ஸ்லைடில் 24 பாயிண்ட் எழுத்து, படுக்கைத் தாளில் நாலு வைத்தாலும் 10 பாயிண்ட் அளவில் நிற்கும். ஆறு வைத்தால் 7-க்கும் கீழே. கறுப்புப் பின்னணி என்றால் பவர்பாயிண்ட் பிரிண்டிலேயே 'ப்யூர் பிளாக் அண்ட் ஒயிட்' வைத்துவிடுங்கள்.