‘அன்னா’ ஆப்பிள் கன்று: சாட்ஸ்வொர்த் வீட்டுத் தோட்டத்துக்குத் தேறுமா?

‘கோல்டன் டெலிஷஸ்’ஸோடு ‘ரெட் ஹதாசியா’வைக் கலந்து இஸ்ரேலில் உருவாக்கிய ரகம். சாதாரண ஆப்பிளுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம்வரை குளிர் தேவை. இதற்கு 200 – 300 போதும். தென்னாப்பிரிக்காவில் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் நன்றாகவே வரும். நம் சாட்ஸ்வொர்த் இருக்கும் டர்பன் கடலோரப் பகுதியில் அந்தக் குளிரும் கிடைப்பது அரிது. குளிர் போதாவிட்டால் பழைய இலை உதிராது, மொட்டு ஒழுங்காக விடாது. இங்கே குளிர்காலமான ஜூலையில் இலைகளைக் கையால் உருவிவிட்டால் ஓரளவு பூக்கும்.

ஒற்றைக் கன்று வாங்காதீர்கள். அதே சமயத்தில் பூக்கும் ‘டார்செட் கோல்டன்’ பக்கத்தில் இருந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். இதைச் சொல்லாமலே விற்கிறார்கள், அதுதான் வருத்தம்.

வேர்க்கன்று (ரகத்தை ஒட்டுக்கட்டிய அடிச்செடி) எது என்று கேளுங்கள். எம்793 என்ற வகை என்றால் தயங்காமல் எடுக்கலாம், வேரில் பஞ்சு அசுவினி (பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி) எளிதில் அண்டாது. ஒட்டுக்கட்டிய இடத்தின் புடைப்பு மண்ணுக்கு மேல் நாலு விரல் தெரிய வேண்டும்; புதைந்தால் ஒட்டிய மேல்கிளை தானே வேர்விட்டு, ஒட்டின் பலனே போய்விடும்.

பழம் சற்று நீளவாக்கு. வெளிர்மஞ்சள் தோலில் வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவப்பு. இனிப்போடு லேசான புளிப்பு. கொத்துக்கு ஒரு காய் விட்டு மற்றதைக் கிள்ளாவிட்டால் எலுமிச்சை அளவிலேயே நின்றுவிடும். பறித்ததும் சாப்பிட அருமை. வெளியே வைத்தால் சீக்கிரம் மாவாகிவிடும்.