நாகர்கோவிலில் ஒரு பகிர்வு அலுவலகம்: மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்த பிறகு

2022 ஜூன் மாதம், சாரல் விடாமல் பெய்த ஒரு திங்கட்கிழமை, நாகர்கோவிலில் உள்ள பகிர்வு அலுவலகம் ஒன்றில் மாத வாடகைக்கு மேசை எடுத்தேன். புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது என் தொழில். எனக்கு வேலை தரும் பதிப்பகங்கள் சென்னையில் இருக்கின்றன, நான் பார்வதிபுரத்தில் இருக்கிறேன். அன்று எடுத்த புகைப்படங்கள் இன்னும் என் கைபேசியில் இருக்கின்றன. பூசாமல் விட்ட கான்கிரீட் கூரை, அதன் கீழே கறுப்பு வண்ணம் அடித்த குழாய்கள், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, வாசலில் பச்சைப் பாசிச் சுவர். பெங்களூரில் நண்பன் வேலை செய்யும் இடமும் இப்படித்தான் இருந்தது. அழகான இடம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் ஓர் அறையில் தினமும் எட்டு மணி நேரம் இருக்கத் தொடங்கினால், கண்ணைவிடக் காதும் மூக்கும் முதுகும்தான் அந்த அறையை எடைபோடுகின்றன.

காதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதிகம் பட்டது அதில்தான். ஃபால்ஸ் சீலிங் கிடையாது. தரையில் வழவழப்பான டைல்ஸ். நாலு பக்கமும் கண்ணாடி. ஒலியை உறிஞ்சிக்கொள்ள அந்த அறையில் எதுவுமே இல்லை. மறுமூலையில் ஒருவர் “கொட்டேஷன் அனுப்பிவிட்டேன் சார்” என்று தொலைபேசியில் சொன்னால், அது சொல் சிதையாமல் என் மேசைக்கு வந்து சேரும். பிழை பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. மனத்துக்குள் ஓடும் வரியை, காதில் விழும் வரி அறுத்துவிடும். ஒரே மாதத்தில் எல்லோர் தலையிலும் ஹெட்போன் ஏறிவிட்டது. பக்கத்து மேசைக்காரரிடம் ஸ்டேப்ளர் கேட்கக்கூட வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினோம். இரண்டு பெரிய நிறுவனங்களின் தலைமையகங்கள் தடுப்புச் சுவர்கள் இல்லாத திறந்த அமைப்புக்கு மாறியபோது என்ன நடந்தது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீஃபன் டர்பனும் அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சல் கூடியிருந்தது. எங்கள் அறையில் நான் கண்டதும் அதுதான்.

உரிமையாளர் நல்ல மனிதர். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். ஒலியை அடக்கும் ஃபெல்ட் பலகைகளுக்கு வெளியூரில் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்குச் சாயா போட்டுத் தரும் அக்கா கேட்டார்: “தும்புப் பாயை அடித்தால் போதாதா சார்?” தும்பு என்றால் தேங்காய் நார். அவர் ஈத்தாமொழிக்காரர், தும்பிலும் கயிற்றிலும் வளர்ந்தவர். தடித்த தும்புப் பாய்களை வாங்கி, நேராகச் சுவரில் ஒட்டாமல், ஆசாரியை வைத்து இரண்டு அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து அதன்மேல் பொருத்தினார்கள். அந்த இடைவெளிதான் முக்கியம். பாயின் நார்களுக்குள் நுழையும் ஒலி அங்கேயே தேய்ந்துபோகிறது. பின்னால் காற்று இருந்தால் கனத்த ஆண்குரலின் முழக்கமும் நன்றாகக் குறையும். பாய்கள் ஏறிய அன்று மாலை ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இரண்டு மேசை தள்ளிப் பேசியவரின் குரல் மட்டும் கேட்டது, சொற்கள் புரியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அடுத்தது ஈரம். இந்த மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. வாசலில் இருந்த பாசி உயிருள்ள பாசி அல்ல, கிளிசரின் ஏற்றிப் பதப்படுத்தியது. 50 சதவீத ஈரப்பதத்தில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். முதல் ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒரு காலையில் வெள்ளைச் சுவரில் மூன்று பச்சைக் கோடுகள் இறங்கியிருந்தன. விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். மேசைகளும் தாங்கவில்லை. என் மேசையின் இடது ஓரம் உப்பி, மைக்கா வாய் பிளந்து நின்றது. உள்ளே நகத்தை விட்டால் ஈரத் தவிடுபோல் உதிர்ந்தது. இப்போது என் வரிசையில் நான்கு மேசைகளுக்கு அயினி மரப் பலகை போட்டிருக்கிறார்கள். இரண்டு மழை கடந்தும் அசையவில்லை. பாசி இருந்த இடத்தில் தொட்டியில் மணிபிளாண்ட் படர்ந்திருக்கிறது. அதற்கு இந்த ஈரம் பிடித்திருக்கிறது.

கண்ணாடிச் சுவரைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடும் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தக் காற்று கடந்து போகும் ஊரில், திறக்கவே முடியாத சன்னல் எதற்கு? மின்சாரம் போனால் ஏசி நிற்கும், கால் மணி நேரத்தில் அறை புழுங்கிவிடும். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் மந்திரசாலையைப் பார்த்திருப்பீர்கள். அரசரும் அமைச்சர்களும் கூடிப் பேசிய அறை, இன்றைய பேச்சில் கான்ஃபரன்ஸ் ரூம். சாய்த்துப் பொருத்திய மரச்சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. நண்பகலிலும் அங்கே குளுமைதான். சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தின் மேற்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிகளை எடுத்துவிட்டு, அதே முறையில் மரச்சட்ட சன்னல் வைத்தார்கள். சாயா நேரத்தில் எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறோம். ஸ்டேப்ளரை இப்போது வாய் திறந்தே கேட்கிறோம்.

வெளிச்சம் இன்னும் சரியாகவில்லை. மேசைமேல் எழுத்து வேலைக்கு 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. தொங்கும் மஞ்சள் பல்புகளின் கீழே என் கைபேசி காட்டியது 210. கைபேசிக் கணக்கு துல்லியமானது அல்ல என்றாலும் கண் வலித்தது உண்மை. வீட்டிலிருந்து மேசை விளக்கு கொண்டுபோனேன். தொலைபேசிக் கூண்டில் காற்றுப் போக்கி இல்லை, பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. நாற்காலிகளில் குறை இல்லை.

இந்த ஜூனிலும் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் மேசை தேடுபவர்கள் மழை பெய்யும் நாளில், எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். மேசை ஓரத்தை அடிப்பக்கமாக விரலால் தடவுங்கள். பிறகு அங்கே இருப்பவரிடம், எந்தச் சன்னல் திறக்கும் என்று கேளுங்கள்.