மறுபயன்பாட்டுக் குழு தந்த மடிக்கணினி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பழைய கணினிகளைச் சேகரித்துச் சீர்செய்து தரும் தன்னார்வக் குழு ஒன்றிடமிருந்து பெற்ற திங்க்பேட் டி430 மடிக்கணினியே சில ஆண்டுகளாக என் முதன்மைக் கணினி. 2012-இல் வெளிவந்த மாதிரி. மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 செயலி கொண்டது. முந்தைய உரிமையாளரின் தரவை முற்றிலும் அழித்து, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தி, ரேமை (தற்காலிக நினைவகம்) 8 ஜிபியாக உயர்த்தி, லினக்ஸ் மின்ட் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவித் தந்தார்கள். கூடவே ஒரு சோதனைத் தாளும் இருந்தது. பேட்டரியில் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சியிருக்கிறது, திரையில் எங்கே மங்கல் இருக்கிறது என்பவற்றை அது ஒளிவுமறைவின்றிச் சொன்னது. பழைய கருவியை நம்பி வாங்க, வெளித்தோற்றத்தின் பளபளப்பைவிட இத்தகைய தாளே உதவும்.

எழுத்து வேலை, கணக்குத் தாள்கள், மின்னஞ்சல், காணொளிச் சந்திப்பு ஆகியவற்றுக்கு இன்றும் குறையில்லை. தடுமாற்றம் தெரிவது இணையக் காணொளிகளில்தான். இந்தத் தலைமுறைச் செயலியின் வரைகலைப் பகுதி எச்.264 என்னும் காணொளிச் சுருக்க வடிவத்தை வன்பொருளிலேயே விரித்துவிடும். பின்னர் பரவிய விபி9, ஏவி1 வடிவங்களுக்கு அந்த வசதி இல்லாததால், சுமை முழுவதும் செயலியின் மீது விழுந்து, கணினி சூடேறி, மின்விசிறி இரைகிறது. காணொளியின் தெளிவை 720பி அளவுக்குக் குறைத்துக்கொண்டால் போதும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் நான் மிகவும் மதிப்பது, கணினியைத் தந்த பிறகும் குழு அதைக் கைவிடவில்லை என்பதையே. சீர்செய்ய இயலாத கணினிகளை உடனே நொறுக்க அனுப்பாமல், அவற்றின் விசைப்பலகை, ரேம், திரை, மின்விசிறி போன்றவற்றைக் கழற்றி, மாதிரி வாரியாகச் சேமித்து வைக்கிறார்கள். என் விசைப்பலகையில் சில விசைகள் செயலிழந்தபோது, அந்தச் சேமிப்பிலிருந்தே மாற்று கிடைத்தது. அடிப்பக்கத்தில் திருகுகளைக் கழற்றினாலே விசைப்பலகை வெளியே வந்துவிடும் வடிவமைப்பு இது. செயலியின் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் உலர்ந்துபோயிருந்தது; அதை மாற்றித் தூசியை அகற்றியதும் வெப்பம் வெகுவாகக் குறைந்தது. பேட்டரியை மட்டும் வெளியில் வாங்கினேன். பெயரில்லாத மலிவான மாற்று விரைவிலேயே தளர்ந்துவிட்டது. பேட்டரி, ரேம், வட்டு மூன்றையும் எளிதில் கழற்ற முடிகிற மாதிரியையே மறுபயன்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இதனாலேயே வலியுறுத்துகிறேன். ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்ட மெல்லிய கணினிகளில் இந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றன.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லாத கணினிகள் இவ்வாறு ஒதுக்கப்படுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. 2022-இல் உலகில் உருவான மின்கழிவு சுமார் 62 மில்லியன் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடே. அந்த மறுசுழற்சியிலும் செம்பு, அலுமினியம், தங்கம் போன்ற உலோகங்களே மீள்கின்றன. சில்லுகளை உருவாக்கச் செலவிட்ட ஆற்றலும் நீரும் மீள்வதில்லை. ஆகவே உறுப்புகளும் உதவாத நிலையில்தான் ஒரு கணினி மறுசுழற்சிக்குப் போக வேண்டும்.

காணொளித் தொகுப்பு, கனமான விளையாட்டு, விண்டோஸில் மட்டும் இயங்கும் தொழில்முறை மென்பொருள் ஆகியவை தேவைப்படுவோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மாணவர்களுக்கும் எழுதுவோருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். 64-பிட் செயலியா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் லினக்ஸ் மின்ட் போன்ற முன்னணி லினக்ஸ் வழங்கல்கள் (லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள்) பலவும் 32-பிட் ஆதரவை நிறுத்திவிட்டன. கணினியைக் கொடுப்பவர்கள் சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்து, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல்லையும் நீக்கிவிட்டால் குழுவினரின் வேலை பெரிதும் குறையும். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது. அதை மற்றப் பொருள்களோடு பெட்டியில் போடாமல், தனியே எடுத்துச்சென்று முன்கூட்டியே சொல்லி ஒப்படையுங்கள்.