ஹைலக்ஸுக்கு ஸ்நோர்க்கல் தேவையா? தூசிக்குத் தேவை

கோலாலம்பூரில் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கிற நம்மவர்கள் என் வண்டியைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, ஸ்நோர்க்கல் போட்டா வெள்ளத்துல போலாமா?" என்பதுதான். இன்ஜினுக்கு வேண்டிய காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுத்துவரும் குழாய்தான் ஸ்நோர்க்கல். என் 2.4 லிட்டர் டீசல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் அது பல வருடங்களாக இருக்கிறது. உலு லங்காட் ஆறுகள், கோலகுபு பாரு பக்கத்து மலைப்பாதைகள், குவா மூசாங் வட்டாரத்தில் பாலாக் (வெட்டுமரம்) ஏற்றிய லாரிகள் போகும் செம்மண் ரோடுகள் என்று எல்லா இடத்துக்கும் போய் வந்துவிட்டேன். என்னைக் கேட்டால், தண்ணீரை நினைத்து வாங்காதீர்கள், தூசியை நினைத்து வாங்குங்கள்.

மழையில்லாத நாளில் பாலாக் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எதிரே ஒன்றும் தெரியாது, அவ்வளவு புழுதி. பெரும்பாலான பிக்கப்களில் இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் முன்பக்கம், பெண்டருக்குள் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டுக்குள்) இருக்கிறது. சக்கரம் கிளப்புகிற புழுதி அடர்த்தியாக இருப்பதும் அந்த உயரத்தில்தான். ஸ்நோர்க்கல் அந்த வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கேயும் தூசி உண்டு, ஆனால் குறைவு. ஏர் பில்டரைக் கழற்றினாலே வித்தியாசம் தெரியும். முன்பு ஒரு பயணம் முடிந்து வந்தால் மடிப்புக்குள் சிவப்பு மண் இறுகிப்போய் காகிதத்தின் நிறமே மறைந்திருக்கும். பில்டர் உட்காரும் ஏர் பாக்ஸின் அடியில் விரலை வைத்தால் நறநறவென்று இருக்கும். இப்போது அதே பாதையில் போய் வந்தாலும் மடிப்பின் விளிம்பில் மட்டும்தான் சிவப்பு. பில்டரைத் தாண்டுகிற நுண்தூசி டர்போவையும் சிலிண்டர் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். வண்டியை நீண்ட நாள் வைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கு இது பெரிய விஷயம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஹைலக்ஸ் இறங்கக்கூடிய ஆழம் என்று டொயோட்டா சொல்வது 700 மில்லிமீட்டர். 17 அங்குல ரிம்மில் வரும் 265/65 டயரின் முழு உயரமே சுமார் 776 மில்லிமீட்டர்தான். அதாவது டயர் மூழ்கும் முன்பே எல்லை வந்துவிடுகிறது. ஸ்நோர்க்கல் போட்டதால் இந்த எண் ஒரு அங்குலம்கூடக் கூடாது. ஆற்றின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் மூக்கு இறங்கி, அலை பானட் மேல் ஏறுகிற அந்த ஒரு நொடியில்தான் அது காப்பாற்றும். இந்த டீசல் இன்ஜின் காற்றை 15.6 மடங்கு அழுத்துகிறது. தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. உள்ளே போய்விட்டால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளையும், இன்ஜினைப் பிரிக்கவேண்டியதுதான். அந்த நொடிக்கு அது தரும் பாதுகாப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஓடுகிற தண்ணீர் வேறு கதை. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் வெள்ளம் பிக்கப்பையும் அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே கூரையில் குழாய் இருந்து என்ன பயன்?

ஸ்நோர்க்கலுக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிப்ரென்ஷியல், அதாவது அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி, மூச்சுவிடும் பிரீதர் குழாயை மேலே ஏற்றவேண்டும். ஓடிச் சூடான டிப்ரென்ஷியல் திடீரென ஆற்றில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த இடைவெளியில் தண்ணீரை இழுக்கும். அப்புறம் ஆயிலை இறக்கினால் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் வரும். ஒரு நீளமான குழாயும் கிளிப்பும் போதும், ஸ்நோர்க்கல் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பொருத்துவதிலும் கவனம் தேவை. நண்பர் ஒருவரின் வண்டியில் வேறொரு கடையில் போட்ட ஸ்நோர்க்கல் இருந்தது. செந்தூலில் நான் வழக்கமாகப் போகும் பட்டறை அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்நோர்க்கலின் வாயை உள்ளங்கையால் இறுக மூடினார். மூச்சு முட்டி நின்றுவிடவேண்டிய இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, இது கீழே எங்கேயோ காத்து இழுக்குது" என்றார். பெண்டருக்குள் பார்த்தால் ரப்பர் குழாயின் கிளாம்ப் இறுக்கப்படவே இல்லை. ஏர் பாக்ஸின் அடியிலிருந்த தண்ணீர் வடியும் ஓட்டையும் திறந்தபடி. காற்று நுழைகிற இடத்தில் தண்ணீரும் நுழையும், தூசியும் நுழையும். எந்தக் கடையில் போட்டாலும் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள். பெண்டரில் துளைத்த ஓட்டைகளின் விளிம்பில் துரு பிடிக்காமலிருக்கப் பெயின்ட் அடித்தார்களா என்றும் பாருங்கள்.

ஜன்னலை இறக்கினால் டர்போ இழுக்கிற விசில் காதருகே கேட்கும், எனக்குப் பிடித்திருக்கிறது. டீசல் செலவிலோ இழுவையிலோ மாற்றம் எதையும் நான் உணரவில்லை.

நகரத்துக்குள் மட்டும் ஓடுகிற வண்டிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது கார்கள் நிறுத்திய இடத்திலேயே மூழ்கின. அந்த மாதிரி வெள்ளத்தில் வயரிங், சீட், கம்ப்யூட்டர் எல்லாம் போய்விடும், காற்றுவாய் எந்த உயரத்தில் இருந்தாலும் சரி. நம் நாட்டில் சாதாரண முழுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தைச் சேர்ப்பதில்லை, அதற்குத் தனியாகக் கட்டவேண்டும். ரோடு டாக்ஸ் புதுப்பிக்கும்போது உங்கள் காப்புறுதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.