மெட்ஃபார்மின் எஸ்ஆர்: 6 வருஷமா போட்டுக்கிட்டு இருக்கேன்

ஷுகர்னு தெரிஞ்சப்ப முதல்ல சாதா மெட்ஃபார்மின் 500 தான் குடுத்தாங்க, காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு. முதல் வாரமே வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு, பஸ்ல ஆபீஸ் போறதுக்கே பயம். ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுட்டு அப்புறம் டாக்டர்கிட்ட சொன்னதும் எஸ்ஆருக்கு (மருந்தை மெதுவா விடுற மாத்திரை, sustained release) மாத்தினார், நைட்டு சாப்பாட்டோட 1000. பத்து நாள்ல வயிறு அடங்கிடுச்சு.

இந்த மருந்து உடம்புல ஏறுறது பெரும்பாலும் சிறுகுடலோட மேல்பகுதிலதான், அதைத் தாண்டிட்டா பெருசா ஏறாது. அதனால மாத்திரை வயித்துல தங்கி கொஞ்சம் கொஞ்சமா மருந்தை கீழ விட்டாதான் பிரயோஜனம். எஸ்ஆர் மாத்திரை தண்ணி பட்டதும் ஜவ்வரிசி மாதிரி ஊறி வழவழன்னு ஆயிடும், அதுலேர்ந்து மருந்து மெதுவா கசியும். சாதா மாத்திரைல ரத்தத்துல 2-3 மணி நேரத்துல உச்சம் தொடும், இதுல சுமார் 7 மணி நேரம் ஆகுது. வயித்துலயே தங்கணும்னு தனியா வடிவமைச்சதும் இருக்கு, அமெரிக்காவுல 2005ல அனுமதி வாங்கின க்ளூமெட்ஸா 500 அப்படித்தான்.

நான் பண்ண தப்பு என்னன்னா, ஒரு புரட்டாசில விரதம்னு நைட்டு சாப்பிடாம வெறும் தண்ணில மாத்திரையப் போட்டுட்டு இருந்தேன். சாப்பிடாதப்ப வயிறு ஒன்றரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை பலமா சுருங்கி உள்ள கிடக்கறதை எல்லாம் குடலுக்கு கூட்டித் தள்ளிடுமாம், சாப்பாடு இருந்தாதான் மாத்திரையும் கூடவே தங்கும். சாப்பாட்டோட போட்டா எஸ்ஆர் மருந்து சுமார் 50 சதவீதம் அதிகமா ஏறுதுன்னு டாக்டர் சொன்னப்ப நிஜமாவே அதிர்ச்சியா இருந்துச்சு, சாதா மாத்திரைக்கு இது நேர் எதிராம், சாப்பாட்டோட கொஞ்சம் குறையும்.

இன்னொண்ணு, மலத்துல முழு மாத்திரை மாதிரி வெள்ளையா ஏதாவது வந்தா பயப்படாதீங்க, மருந்து கரைஞ்சு போன வெறும் கூடுதான் அது. நாலாவது வருஷம் பாதம் மரத்துப்போச்சு, டெஸ்ட் எடுத்தா வைட்டமின் பி12 கம்மி. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா அப்படி ஆகலாம், டாக்டர்கிட்ட கேட்டு டெஸ்ட் எடுத்துக்கோங்க.

எங்கம்மா மாத்திரை பெருசா இருக்குன்னு இதே எஸ்ஆரை இடிச்சு பொடியாக்கி முழுங்கிட்டு இருந்தாங்க, கேட்டதும் பதறிட்டேன், மெதுவா வரவேண்டிய மொத்த மருந்தும் ஒரே மூச்சுல இறங்கும்ல. டாக்டர் இப்போ அவங்களுக்கு சின்ன சைஸ் சாதா மாத்திரையா மாத்திக் குடுத்திருக்கார்.